பட்டு நூலா, கியர் வயரா, கம்பிக் கட்டா?

மணிமாலை கோர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கான வயர் எது அக்கா?" என்பதுதான். நானும் ஒரு காலத்தில் கடைக்காரரிடம் இதையேதான் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்த கியர் வயரில், அதாவது நைலான் பூச்சுப் போட்ட மெல்லிய எஃகு வயரில், பெரியம்மாவின் முத்துச் சரத்தைப் பிரித்துக் கோர்த்தேன். 8 மி.மீ. முத்து 57, கொக்கியை விட்டுவிட்டு 18 அங்குல நீளம். பழைய நூல் தொய்ந்து அழுக்கேறிக் கிடந்தது. புது வயரில் சரம் பளிச்சென்று ஆனது. பெரியம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்குக் கை நீட்டியபோது சரம் அறுந்தது. முத்தெல்லாம் ஒரே நொடியில் தரையில். இலை எடுக்க வந்தவர்களை நிறுத்தி வைத்துவிட்டு மேசைக்கு அடியில் நாலு பேர் தவழ்ந்து பொறுக்கியதில் கிடைத்தது 53.

வீட்டுக்கு வந்து வயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கீறல் கூட இல்லை. கொக்கி மாட்டியிருந்த வளைவில் மட்டும் மேல்பூச்சு தேய்ந்து, உள்ளே இருந்த எஃகு இழைகள் ஒடிந்திருந்தன. உறுதியைக் கேட்டு வாங்கினேனே தவிர, அது எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும், விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. இப்போதெல்லாம் ஒரு மாலையை எதில் கோர்ப்பது என்று முடிவு செய்யும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "இது அறுந்தால் எப்படி அறும்?"

## முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

துளை. எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். நூலை மணி தேர்ந்தெடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்து எடைக்கு விற்கும் பொருள், அதனால் துளையைச் சின்னதாகவே போடுவார்கள். பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மி.மீ.தான் இருக்கும். ஸ்படிகம், சூதுபவளம் போன்ற கல்மணிகளின் சங்கதி வேறு. அவற்றை இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். சந்திக்கும் இடம் கொஞ்சம் பிசகினால் உள்ளே ஒரு விளிம்பு நிற்கும். வெளியிலிருந்து தெரியாது, ஆனால் நூலுக்கு அது ரம்பம். நொய்யல் கரையில், பழங்காலத்தில் மணி வேலை நடந்த கொடுமணலில் பல நிலைகளில் பாதியில் நின்றுபோன மணிகளைத் தோண்டி எடுத்தார்கள். 10 வரை போகும் கடின அளவில் 7 வரும் கல்லில், மின்சாரமே இல்லாத காலத்தில் துளை போட்டவர்களை நினைத்தால் நம்முடைய அலுப்பெல்லாம் ஒன்றுமில்லை. கண்ணாடியில் பட்டை தீட்டிய மணிகளுக்குத் துளையின் வாய் கூர்மை. டெரகோட்டா மணிக்குத் துளை பெரிது, சொரசொரப்பும் அதிகம்.

சோதிப்பது எளிது. ஒரு துண்டு நூலை மணிக்குள் விட்டு இருபது தடவை முன்னும் பின்னும் இழுங்கள். நூல் பிசிறினால் அந்த மணிக்கு நூல் ஆகாது. நூலில்தான் கோர்க்க வேண்டுமென்றால் துளை தேய்க்கும் ஊசி அரத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும்.

எடை. கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாது, கழுத்தில் மூன்று மணி நேரம் போட்டால் தெரியும். 8 மி.மீ. ஸ்படிக உருண்டை ஒன்று 0.7 கிராம். 18 அங்குலத்துக்கு 57 மணி, ஆக 40 கிராம். அதையே 12 மி.மீ. மணியில் செய்தால் மணி 38தான், எடையோ 90 கிராமைத் தாண்டும். மணி ஒன்றரை மடங்கு பெரிதானால் மாலையின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறும் என்பதை டிசைன் வரையும்போதே கணக்கில் வையுங்கள்.

விழும் விதம். கழுத்தின் வளைவோடு படிந்து விழ வேண்டுமா, கொஞ்சம் விறைப்பாக வட்டமாக நிற்க வேண்டுமா?

வியர்வை. நம் ஊர் மே மாதத்தில் இதைத் தனித் தலைப்பாகவே எழுதலாம். வியர்வையோடு தேங்காய் எண்ணெய், பவுடர், சென்ட் எல்லாம் சேர்ந்து பிடரியில்தான் தேங்கும். கொக்கியும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் நேரம். விற்பனைக்குச் செய்கிறவர்கள் மணிக்கும் கொக்கிக்கும் விலை போட்டுவிட்டு, உட்கார்ந்த மணிநேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

## பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக் கோர்ப்பது

முத்துக்கும் பவழத்துக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முத்து மென்மையானது, கடினத்தில் 4.5ஐத் தாண்டாது. பக்கத்து முத்தோடு உரசியே மேல்பூச்சை இழக்கும். நடுவில் ஒரு முடிச்சு இருந்தால் அந்த உரசல் இல்லை. அறுந்தாலும் அறுந்த இடத்தில் ஒன்றோ இரண்டோதான் விழும், மற்றவை முடிச்சோடு நிற்கும். அன்றைக்குப் பந்தியில் நாங்கள் தவழ்ந்திருக்க வேண்டியதே இல்லை.

2 மீட்டர் நூல் சுற்றிய அட்டைகள் கிடைக்கின்றன. முனையில் மெல்லிய கம்பி ஊசி முறுக்கியே இருக்கும், தனியாக ஊசி தேட வேண்டாம். நூலை ஒற்றையாக விட்டால் துளைக்குச் சரியாக நிறைகிற பருமனை எடுங்கள். இரட்டையாக விடுவதானால் 0.35 மி.மீ. நூல் 0.8 மி.மீ. துளைக்குச் சரியாக இருக்கும். நூல் மெல்லியதாகிவிட்டால் முடிச்சு துளைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும், போட்டதற்குப் பலனே இல்லை.

முதல் நாள் இரவே நூலை ஆணியில் கட்டி, நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிடுவேன். பட்டு இழுபடும் குணம் உள்ளது. இழுபட வேண்டியதைக் கோர்க்கும் முன்பே இழுத்துவிட்டால் பிறகு முத்துக்கு நடுவில் நூல் பல்லிளிக்காது. முடிச்சை ஒரு தடித்த ஊசியில் மாட்டி, முத்தை ஒட்டித் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் ஊசியை உருவ வேண்டும். முதல் பத்து முடிச்சு கோணலாகத்தான் வரும். அதைப் பழைய பிளாஸ்டிக் மணியில் பழகிக்கொள்ளுங்கள்.

இதன் மறைமுகச் செலவு மூன்று. ஒன்று நேரம். ஒரு சரத்துக்கு எனக்கே இரண்டரை மணி நேரம் ஆகிறது, புதிதாகச் செய்கிறவருக்கு ஒரு முழு மதியம் போகும். இரண்டாவது, தொடர்ந்து போட்டால் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் மறுபடி கோர்க்க வேண்டும். பட்டு வியர்வையை உறிஞ்சும், அழுக்குப் பிடிக்கும், பிடரிப் பக்கம் முதலில் கறுக்கும். வெள்ளை முத்துக்கு வெள்ளை நூல் போட்டு விற்கும்போதே இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, பிசின். கடைசி முடிச்சில் பயந்துபோய் சூப்பர் க்ளூவை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காய்ந்ததும் நூலைக் குச்சியாக்கிவிடும், பிசின் முடிகிற இடத்திலேயே நூல் ஒடியும். நான் நிறமில்லாத நகப்பூச்சை ஊசி முனையில் தொட்டு ஒரு புள்ளி வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. நூல் நேராகக் கொக்கியின் வளையத்தில் உரசக் கூடாது. ஃப்ரெஞ்ச் வயர் என்று ஒரு சுருள் கம்பி உண்டு, ஆரி வேலைக்கு வாங்கும் ஜர்தோசி மாதிரியே இருக்கும். அதில் அரை அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கி, நூலை அதற்குள் நுழைத்து வளையத்தில் மாட்டினால் உரசலைச் சுருள் வாங்கிக்கொள்ளும், நூல் பிழைக்கும்.

பட்டு கட்டுப்படியாகாது என்றால் முறுக்கிய நைலான் நூலில் இதே முடிச்சைப் போடலாம். அழகு ஒரு படி குறையும். வியர்வைக் கழுத்துக்கு அதுவே மேல் என்றும் சொல்வேன்.

## கியர் வயர், கியர் லாக்

பந்தியில் என்னைக் கைவிட்டதற்காக இதை வெறுக்கவில்லை. தப்பு என் கையில்.

கியர் வயர் என்பது மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி நைலான் பூச்சு கொடுத்தது. 7 இழையில் வருவது விறைப்பு, ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பு போகவே போகாது. 49 இழையில் வருவது கிட்டத்தட்ட நூல் மாதிரி வளையும், விலையும் அதற்கேற்ப இருக்கும். சில்லறையில் சுருளாக விற்கும்போது எத்தனை இழை என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. விரலில் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். நேராகத் திரும்பினால் வாங்கலாம், சுருண்டபடியே நின்றால் அது முன்பக்கம் கனமாகத் தொங்கும் மாலைக்குத்தான் ஆகும். பருமனில் 0.38 மி.மீ. சாதாரண மணிகளுக்குப் போதும். கனமான கல்லுக்கு 0.48.

விளிம்பு கூரான கல், பட்டை தீட்டிய கண்ணாடி, உலோக மணி, டெரகோட்டா, இவற்றுக்குப் பட்டு நூல் வேண்டாம், இதுதான் சரி. அரை மணி நேரத்தில் ஒரு மாலை முடியும். விற்பனைக்குச் செய்கிறவர்கள் இதையே பிடித்துக்கொள்வதற்கு இந்த அரை மணி நேரம்தான் காரணம்.

ஆனால் மொத்த மாலையின் உயிரும் இரண்டு கியர் லாக்கில், அதாவது கொக்கியில் மாட்டித் திருப்பிய வயரை நசுங்கிப் பிடித்துக்கொள்ளும் குட்டி உலோகக் குழலில், இருக்கிறது. அதை மூக்கு பிளையரால் சப்பையாக நசுக்கினால் விளிம்பு கூராகி வயரையே வெட்டும். அதற்கென்று இரண்டு குழி உள்ள பிளையர் தனியாக உண்டு. உள்குழியில் வைத்து அழுத்தினால் லாக்கின் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு வயரும் தனித்தனிப் பக்கம் ஒதுங்கும். பிறகு வெளிக்குழியில் வைத்துத் திருப்பி அழுத்தினால் உருண்டையாக மடியும். இந்தப் பிளையர் வாங்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். நான் மிச்சம் பிடித்த கதையைத்தான் மேலே படித்தீர்கள். கொக்கி வளைவில் லாடம் மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டு மாட்டினால் அந்த உரசலும் இல்லை. வெட்டிய நுனியை ஒரு அங்குலமாவது மணிகளுக்குள் திருப்பிச் செருகுங்கள், இல்லாவிட்டால் பிடரியில் குத்தும்.

இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. மணிகளை இடைவெளியே இல்லாமல் இறுக்கி லாக் போட்டால் மாலை வில் மாதிரி விறைத்து நிற்கும், வளைக்கும் ஒவ்வொரு முறையும் லாக்கைப் பிடித்து இழுக்கும். லாக் போடும் முன் மாலையை வட்டமாக மேசையில் வளைத்து வைத்துப் பாருங்கள். 2, 3 மி.மீ. வயர் வெளியே தெரிந்தால் அதுதான் சரியான அளவு.

## கம்பிக் கட்டு

ஒவ்வொரு மணியையும் தனிக் கம்பியில் மாட்டி, இரு முனையையும் வளையமாக்கி, ஒன்றோடொன்று கோர்த்துச் சங்கிலியாக்குவது. பத்தர்கள் பவழத்தையும் கருகமணியையும் தங்கக் கம்பியில் கட்டித் தருவது இந்த முறைதான். நாம் வீட்டில் ஐ பின், அதாவது ஒரு முனையில் வளையம் போட்டே வரும் கம்பித் துண்டு, வாங்கிச் செய்கிறோம்.

மூன்றிலும் அழகாக அறுவது இதுதான். ஒரு வளையம் விரியும், மாலை ஒரே இடத்தில் பிரிந்து தொங்கும், மணி எதுவும் விழாது. மூக்கு பிளையர் இருந்தால் இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிடலாம். மணியும் குறைவாகப் பிடிக்கும். வளையங்கள் இடத்தை எடுத்துக்கொள்வதால் 8 மி.மீ. மணிக்கு ஒரு கண்ணி ஏறத்தாழ 12.5 மி.மீ. வரும், 18 அங்குலத்துக்கு 36 மணி போதும். விலை கூடிய கல்லை வைத்துக்கொண்டு, சரம் எட்டவில்லையே என்று தவிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இது.

சும்மா வளைத்து விட்டால் இழுபடும்போது வாய் பிளக்கும். வளைத்த மிச்சத்தை மணியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினால் பிளக்காது, ஆனால் அந்தக் கண்ணியைப் பழுது பார்க்க வெட்டித்தான் ஆக வேண்டும். கம்பி 24 கேஜ், அதாவது அரை மி.மீ., முத்துத் துளைக்குள் போகும். கனமான கல்லுக்கு இன்னும் தடித்த 22 கேஜ்.

மறைமுகச் செலவு கம்பியில்தான் இருக்கிறது. பித்தளை, செம்புக் கம்பி வியர்வையில் பச்சை பூக்கும். முலாம் போட்டதும் முலாம் போகும் வரைதான். வெள்ளி கறுக்கும், துடைத்தால் திரும்பும். தங்கத்தில் கட்டலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 24 கேஜ் 22 காரட் கம்பி, சுற்றிக் கட்டுவதற்கு ஒரு மணிக்கு 6 செ.மீ. வேண்டும். 36 மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு பவுன் ஆகிவிடும். பத்தர்கள் இதைவிட மெல்லிய கம்பியை எடுப்பதன் காரணம் புரிகிறதா?

அப்புறம், இது நீளமான முடியைப் பிடித்து இழுக்கும், ஷிஃபான் புடவையில் நூல் இழுக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு எந்தச் சரமும் வேண்டாம், இது கண்டிப்பாக வேண்டாம். பிள்ளை பிடித்து இழுத்தால் சுலபத்தில் அறாது, கழுத்தைத்தான் அறுக்கும்.

தூண்டில் நரம்பும் எலாஸ்டிக்கும் உண்டே என்பீர்கள். நரம்பு வெயிலில் காய்ந்து நொறுங்கும், முடிச்சும் தானாக அவிழும். எலாஸ்டிக் கை வளையலுக்குச் சரி, மாலைக்கு வேண்டாம். இரண்டையும் கீழே உள்ள பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை.

| பார்ப்பது | பட்டு நூல், முடிச்சு | கியர் வயர் | கம்பிக் கட்டு |
|---|---|---|---|
| ஏற்ற மணி | முத்து, பவழம், துளை வழவழப்பானவை | கல், கண்ணாடி, உலோகம், டெரகோட்டா | விலை கூடியவை, குறைவாக இருப்பவை |
| 18 அங்குலத்துக்கு 8 மி.மீ. மணி | 53 | 57 | 36 |
| என் கையில் ஆகும் நேரம் | இரண்டரை மணி | அரை மணி | சும்மா வளைத்தால் ஒன்றரை மணி, சுற்றிக் கட்டினால் மூன்று |
| விழும் விதம் | கழுத்தோடு படியும் | இழையைப் பொறுத்தது | சங்கிலி போல நெளியும் |
| வியர்வை | உறிஞ்சும், அழுக்கேறும் | வயருக்குப் பாதகமில்லை, லாக் நிறம் மாறும் | கம்பியைப் பொறுத்தது |
| அறுந்தால் | ஒன்றிரண்டு மணி விழும் | எல்லாம் கொட்டும் | ஒரு கண்ணி பிரியும் |
| பழுது | முழுதும் மறுபடி கோர்க்க வேண்டும் | முழுதும் மறுபடி கோர்க்க வேண்டும் | அந்தக் கண்ணி மட்டும் |

## கொக்கியா, சரடா?

பினிஷிங்கில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கே. மாலையை அழகாகச் செய்துவிட்டு, டப்பாவில் கடைசியாகக் கிடந்த கொக்கியை மாட்டுவது.

எஸ் கொக்கி கனமான மாலைக்கு நல்லது, எடையே அதை இழுத்துப் பிடிக்கும். இலேசான சரத்தில் கழன்றுவிடும். லாப்ஸ்டர் கொக்கி, நண்டுக் கொடுக்கு மாதிரி இருப்பதை விரலால் இழுத்துத் திறப்பது, பத்திரமானது, ஆனால் அறுபது வயதுக்கு மேல் விரல் மரத்தவர்களால் பிடரியில் வைத்து அதைத் திறக்க முடியாது. விலை குறைந்ததில் நிக்கல் கலந்திருக்கும், சிலருக்கு அரித்துத் தடிக்கும். திருகுக் கொக்கி மாட்டும்போதே நூலை முறுக்கிவிடும், போட்டிருக்கும்போது மெல்லத் தளரும். அதைத் தங்கத் தாலிச் சங்கிலியோடு விட்டுவிடலாம். காந்தக் கொக்கி வயதானவர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மாட்டாதீர்கள், சின்னப் பிள்ளைகள் எடுத்து விழுங்கும் வீட்டிலும் வேண்டாம். 40 கிராமுக்கு மேல் நான் காந்தத்தை நம்புவதில்லை. மரத்த விரல்களுக்கு டாகிள் நன்றாக ஒத்துவரும். வளையத்துக்குள் குச்சி குறுக்காகப் போய் நிற்கும். குச்சிப் பக்கம் முதல் மூன்று, நாலு மணியைச் சின்னதாகப் போட்டால்தான் குச்சி உள்ளே புகுந்து திரும்பும். இதை மறந்துவிட்டுக் கொக்கியைத் திட்டுவார்கள்.

சரடு, கடையில் டோரி என்பார்கள், தனி ரகம். இரண்டு பக்கமும் பட்டுக் கயிறு, நடுவில் வழுக்கும் முடிச்சு. எந்தக் கழுத்து அளவும் தெரியாமல் ஆன்லைனில் விற்பவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் இல்லை. ரவிக்கைக் கழுத்து மேலே ஏறினாலும் இறங்கினாலும் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். முன்பக்கம் 10, 11 அங்குலத்துக்கு மட்டும் மணி இருந்தால் போதும், மணிச் செலவும் எடையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆனால் கறுப்பு, அரக்குச் சரடு வியர்வையில் சாயம் விடும். வெளிர் நிறப் பட்டு ரவிக்கையில் அந்தச் சாயம் ஏறினால் மாலையின் விலையைவிட ரவிக்கையின் விலைதான் பேச்சாக இருக்கும். வாங்கியதும் ஒரு ஓரத்தை ஈரத்துணியில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். சரடு முனையில் கொக்கியோ மூடியோ இல்லாமல் வெறுமனே நெருப்பில் காட்டி விடுவது பட்டுக்கு ஆகாது. நைலான்தான் உருகி ஒட்டும், பட்டு கருகி உதிரும்.

## நான் என்றால்

அம்மா, பாட்டி காலத்து முத்து, பவழம்: பட்டு நூல், முடிச்சு, ஃப்ரெஞ்ச் வயர். யோசிக்கவே வேண்டாம்.

மாதம் முப்பது மாலை செய்து விற்பவர்: கியர் வயர், நல்ல பிளையர், பின்னால் சரடு. முடிச்சுச் சரத்துக்கு ஆகும் நேரத்தை விலையில் போட்டால் வாங்க ஆள் வராது, போடாவிட்டால் உங்களுக்குக் கட்டாது.

கையில் பத்துப் பதினைந்து நல்ல கல் மட்டும் இருக்கிறது: கம்பிக் கட்டு, நடுவில் சங்கிலித் துண்டுகள்.

தினம் பூஜைக்குக் கழற்றி மாட்டும் ஸ்படிகம், ருத்ராட்சம்: இரண்டும் இரண்டு விதம். ஸ்படிகத்துக்குத் துளையைத் தேய்த்துவிட்டுக் கியர் வயர். ருத்ராட்சத்துக்குத் துளை இயற்கையிலேயே உண்டு, பெரியது. தடித்த நூலில் ஒவ்வொன்றுக்கும் நடுவில் முடிச்சுப் போடுங்கள். எண்ணெய் தடவுவார்கள் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை நூல் மாற்றும் வேலை இருக்கிறது.

பெரியம்மாவின் 53 முத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நாலு முத்து வாங்கிச் சேர்க்கலாம் என்று கடை கடையாக அலைந்தேன், நிறம் ஒத்துவரவில்லை. பிறகு இருப்பதை வைத்தே பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக் கோர்த்தேன். முடிந்ததும் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 18 அங்குலம் சரியாக இருந்தது. 54 முடிச்சு, ஒவ்வொன்றும் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். காணாமல் போன நாலு முத்தின் இடத்தை முடிச்சுகளே நிரப்பிவிட்டிருந்தன. பெரியம்மா கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எல்லாம் கிடைச்சிடுச்சா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை.